சிறிய காரியங்களின் தலைவர்

மார்ச் 4

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுகிறேன். மகளுக்கும் எனக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது. உங்கள் தொண்டை வலி எப்படி இருக்கிறது? பிரசங்கம் முடிந்த சூட்டோடு குளிர்ந்த தண்ணீர் குடிக்க வேண்டாம் என்று அவள் எழுதச் சொன்னாள்.

காய்ச்சலோடு அவளை இங்கே கொண்டுவந்து விட்டபோது, ஒரு மாதம் ஓய்வெடுக்கட்டும், நானே வந்து அழைத்துக்கொள்கிறேன் என்றீர்கள். காய்ச்சல் முற்றிலும் போய்விட்டது. இப்போது மாடிப்படியை மூச்சு வாங்காமல் ஏறுகிறாள். நீங்கள் வரவில்லையே என்று குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. போதகர் வீட்டு வராந்தாவில் விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை ஆட்கள் உட்கார்ந்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். பக்கத்து வீட்டோடு சுவர்த் தகராறு, பள்ளிக்கூடச் சிபாரிசு, பாட்டுக் குழுவில் யார் முன்வரிசை என்பது வரை எல்லாம் உங்கள் தலையில். நேற்று அவளிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தேன். "அவரைச் சாப்பிடவே விடமாட்டாங்கப்பா. தட்டை வெச்சுட்டு நான் வராந்தாவுக்குப் போய் ஆளுங்களை மடக்கிப் பேச்சுக் குடுப்பேன். அந்த நேரத்துல நாலு வாய் அள்ளிப் போட்டுப்பார்" என்றாள்.

எனக்கு ஒன்று தோன்றுகிறது. சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்று சில நாட்கள் தயங்கினேன். நான் அச்சகத்தில் பிழை திருத்தியவன். மற்றவர் எழுதியதில் ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று பார்த்தவனே தவிர, சொந்தமாக ஒரு வாக்கியம் சேர்த்தவன் அல்ல. ஆனாலும் மோசேக்கு யோசனை சொன்னவரும் அவருடைய மாமனார்தான் என்பதால் துணிகிறேன். யாத்திராகமம் பதினெட்டாம் அதிகாரம் உங்களுக்குத் தெரியாததா? வனாந்தரத்தில் ஜனங்கள் நாள் முழுக்க மோசேயைச் சுற்றி நிற்கிறார்கள். பார்க்க வந்த மாமனாருக்குப் பொறுக்கவில்லை. இப்படியே போனால் நீயும் தேய்ந்துபோவாய், ஜனங்களும் தேய்ந்துபோவார்கள் என்கிறார். ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்கு என்று தலைவர்களை வை, சிறிய காரியங்களை அவர்கள் தீர்க்கட்டும், பெரியவை மட்டும் உன்னிடம் வரட்டும் என்கிறார்.

உங்கள் சபைக்கு ஆயிரம் பேர் தலைவர் தேவைப்படாது. பத்து, ஐம்பது, நூறு போதும். உங்கள் தெருவுக்குத் தையல்கடைக்காரர் பொருத்தம். மகள் அவரை 'இஞ்ச் டேப்' என்று கேலி செய்தாலும் நல்ல மனிதர் என்கிறாள். எந்த வேலையையும் விட்டுவிடாமல் பிரித்துக் கொடுத்துவிடுங்கள். அவள் வந்து சேரும்வரை உங்கள் சாப்பாட்டையும் வீட்டையும் கவனிக்கக்கூட ஒரு குழுவை வைக்கலாம். உங்களுக்கு ஒரு நாள் ஓய்வு கிடைத்தால் இங்கே வந்துபோக வசதியாக இருக்கும்.

என் எண்ணம் தவறாகவும் இருக்கலாம். தவறானால் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

உங்கள் நலம் விரும்பும்,
மாமா

ஏப்ரல் 11

பிரியமான மாமாவுக்கு,

உங்கள் மருமகனின் வணக்கம். தொண்டை இப்போது தேவலை. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது?

உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன், மாமா. கிழிப்பதாவது! கண்ணாடி போட்டு வைக்க வேண்டிய கடிதம் அது. அடுத்த ஞாயிறே அந்த அதிகாரத்தைப் பிரசங்கித்து, தலைவர்களை நியமித்துவிட்டேன். நூறு பேருக்குப் பள்ளித் தலைமையாசிரியர். ஐம்பது பேருக்கு மருந்துக்கடைக்காரர். நம் தெருவின் பத்துக் குடும்பங்களுக்கு, நீங்கள் சொன்னபடியே, தையல்கடைக்காரர். சில நாட்களில் வராந்தா காலி. காலையில் அதே வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து புத்தகம் படிக்கிறேன். "ஐயா, உங்களைப் பாக்க வர்றதுக்கே இப்ப வழியில்லாம போச்சே" என்று ஒரு பெரியவர் சலித்துக்கொண்டார். அதுதானே திட்டத்தின் வெற்றி!

வீட்டு வேலையையும் பிரித்தாயிற்று. பாட்டுக் குழுத் தலைவியின் பொறுப்பில் பெண்கள் முறை வைத்துச் சமைத்துக் கொடுக்கிறார்கள். வந்தவர்களை உட்கார வைத்துப் பேச ஒருவர், நோயாளிகளைப் பார்க்கப் போக இரண்டு பேர். உள்ளறையை ஒழித்துத் தலைவர்கள் கூடுவதற்கு அலுவலகமாக்கிவிட்டோம். இத்தனை நாள் இந்த வீட்டில் எப்படித்தான் இடம் போதாமல் இருந்ததோ.

அவள் நன்றாக ஓய்வெடுக்கட்டும். இங்கே எந்தக் குறையும் இல்லை.

நன்றியுள்ள,
மருமகன்

மே 6

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நாங்கள் இருவரும் சௌக்கியம். என் முழங்காலைக் கேட்டிருந்தீர்கள். அது அப்படியேதான் இருக்கிறது, தொந்தரவில்லை.

வராந்தா காலியானதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. மகளுக்கு உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். "உள்ளறையில என் தையல் மெஷின் இருந்துச்சேப்பா, அதை எங்க வெச்சிருப்பாங்க?" என்று கேட்டாள். பிறகு, "சமையல், நோயாளிங்க, வராந்தா... நான் செஞ்ச எல்லாத்துக்கும் ஆள் போட்டாச்சு. நான் போய் என்ன பண்றது, ஓரமா நின்னு ஜன்னலைத் துடைக்கிறதா?" என்று சிரித்தாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். பெட்டியைக் கட்டிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறாள். தேவையான ஒரு துணியை எடுக்கவும் அதைத் திறந்து மூடுகிறாள், கலைப்பதில்லை.

உங்களுக்கு அவள் நான்கு கடிதம் எழுதினாளாம். ஒன்றுக்கும் பதில் வரவில்லை என்றாள். தபால் இப்போதெல்லாம் ஒழுங்காக இல்லை, அதுதான் காரணமாக இருக்கும்.

இன்னொரு சிறிய சந்தேகம். அந்த அதிகாரத்தைத் திரும்பப் பார்த்தேன். பழைய தொழில் புத்தி, ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்றுதான் கண் போகிறது. மாமனார் வெறுங்கையோடு வரவில்லை. மோசே முன்பு அனுப்பிவைத்திருந்த மனைவியையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டுதான் வருகிறார். மோசே எதிர்கொண்டு போகிறார், மாமனாரை வணங்குகிறார், முத்தமிடுகிறார், இருவரும் ஒருவரையொருவர் சுகம் விசாரித்துக்கொண்டு கூடாரத்துக்குள் போகிறார்கள். அதன் பிறகு அந்த அதிகாரம் முடியும்வரை மனைவியைப் பற்றிப் பேச்சே இல்லை. அவள் கூடாரத்துக்குள் போனாளா, வெளியிலேயே நின்றாளா என்று தெரியவில்லை. இதை நான் இத்தனை வருடம் கவனித்ததில்லை. இது ஒரு சந்தேகம்தான், வேறொன்றும் இல்லை.

அவளை எப்போது கொண்டுவந்து விடட்டும்? நீங்கள் வர முடியாவிட்டால் நானே வருகிறேன்.

பணிவுடன்,
மாமா

ஜூன் 15

பிரியமான மாமாவுக்கு,

சுகம். உங்கள் சுகமும் அறிய ஆவல்.

உங்கள் சந்தேகத்தை அப்படியே போன ஞாயிறு பிரசங்கத்தில் சேர்த்துக்கொண்டேன். "கூடாரத்துக்குள்ள இடம் இருந்திருக்காது, அங்கயும் கமிட்டி உட்கார்ந்திருக்கும்" என்றேன். சபையே குலுங்கிச் சிரித்தது. இப்படி இன்னும் ஏதாவது கண்ணில் பட்டால் எழுதுங்கள்.

அவளை அழைத்து வருவது பற்றி. மாமா, நீங்களே வகுத்துக் கொடுத்த முறை இது. பெரிய காரியம் என்னிடம், சிறிய காரியம் அந்தந்தத் தலைவரிடம். குடும்பப் பெண்கள் போவது வருவது எல்லாமே பத்துப் பேர் தலைவர் தீர்க்கிற காரியம். என் வீட்டுக்கென்று நான் ஒரு விதிவிலக்கு வைத்துக்கொண்டால் நாளைக்கு யார் இந்த ஒழுங்கை மதிப்பார்கள்? ஆகவே இதைத் தையல்கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டேன். அவளுடைய கடிதங்கள் வந்தன, தபாலில் குற்றமில்லை. அவற்றையும் அவரிடம் கொடுத்திருக்கிறேன். இனி அவர் உங்களுக்கு எழுதுவார்.

ஜெபத்தில் நினைக்கும்,
மருமகன்

ஜூலை 3

மரியாதைக்குரிய பெரியவருக்கு,

பத்துப் பேர் தலைவராகிய தையல்கடைக்காரன் வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே குழுவில் எல்லோரும் நலம். உங்கள் வீட்டிலும் அப்படியே இருக்கும் என்று நம்புகிறோம்.

போதகரம்மாவின் காரியம் செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் வைக்கப்பட்டது. நான்கு கடிதங்களையும் நானே நின்று வாசித்தேன். என்னை 'இஞ்ச் டேப்' என்று எழுதியிருந்த வரியையும் விடாமல் வாசித்தேன். எதையும் வெட்டினேன் என்று நாளைக்கு ஒரு சொல் வரக்கூடாது பாருங்கள்.

இரண்டாம் கடிதத்தில் ராத்திரி தூக்கம் வருவதில்லை என்று இருந்தது. மேல் தலைவர் என்ற முறையில் வந்திருந்த மருந்துக்கடைக்காரர், "காய்ச்சல் விட்டவங்களுக்கு ஏன் தூக்கம் வரலை? அப்ப உடம்பு இன்னும் சரியாகலைன்னுதானே அர்த்தம்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பாட்டுக் குழுத் தலைவி, "தூக்கம் வராத காரணம் அடுத்த பக்கத்துல இருக்கும், படிங்களேன்" என்றார். படித்தேன். ஐயாவின் முதுகுச் சூட்டில் ஒட்டிக்கொண்டு தூங்கிப் பழகிவிட்டதாக எழுதியிருந்த இடத்தில் ஓரிருவர் சிரித்தார்கள். "சின்ன வயசு, விடுங்கப்பா" என்று ஒருவர் அடக்கினார். "ஒரு ஊழியக்காரர் வீட்டம்மா எழுதுற எழுத்தா இது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. யார் என்று நான் பார்க்கவில்லை. யார் சொன்னால் என்ன, எல்லோருக்கும் அதே எண்ணம்தான்.

முடிவு என்னவென்றால், அம்மாவுக்கு இன்னும் ஓய்வு தேவை. ஐயாவின் ஊழியம் இப்போதுதான் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி கச்சிதமாக நடக்கிறது. இந்த நேரத்தில் பிரித்துத் தைக்க வேண்டாம் என்பது குழுவின் கருத்து. இது என் தனிப்பட்ட எண்ணம் அல்ல. கேட்டால் ஒவ்வொருவரும் அப்படித்தான் சொல்வார்கள்.

இப்படிக்கு,
குழுவுக்காக,
தையல்கடைக்காரன்

ஜூலை 12

ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் குழுவில் உள்ள மற்றவர்களும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. மகளின் கடிதம் ஒரு மனைவி தன் கணவனுக்கு எழுதியது. வேறு யாரும் வாசிப்பார்கள் என்று தெரிந்திருந்தால் அவள் அப்படி எழுதியிருக்க மாட்டாள். அதைக் கூட்டத்தில் வாசித்தது சரியா என்று கேட்க விரும்புகிறேன். கேட்பது தவறாக இருந்தால் மன்னிக்கவும். வரம்பு மீறி எழுதிவிட்டேனோ என்று இந்தப் பக்கத்தை இரண்டு முறை மாற்றி எழுதினேன்.

அந்த நான்கு கடிதங்களையும் எனக்குத் திருப்பி அனுப்பிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நடந்ததை மகளிடம் சொல்லவில்லை. உங்கள் உறை வந்ததைப் பார்த்துவிட்டு, "இஞ்ச் டேப்பு எழுதியிருக்காரா? என்னவாம், அவரு நல்லா இருக்காராமா?" என்று ஓடிவந்தாள். நன்றாக இருக்கிறாராம் என்றேன். அது பொய் இல்லை என்பதால் சொல்ல முடிந்தது. மற்றதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் ஐந்தாவது கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்து நிற்கிறாள். அதையாவது போதகரே பிரிக்க வேண்டும் என்று தயவாய்க் கேட்கிறேன்.

தாழ்மையுடன்,
போதகரின் மாமனார்

செப்டம்பர் 9

மரியாதைக்குரிய பெரியவருக்கு,

நலம் நலமறிய ஆவல். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. தவறு என்மேல் அல்ல. உங்கள் ஆட்சேபணையை முறைப்படி ஐம்பது பேர் தலைவருக்கு அனுப்பினேன். அவர் நூறு பேர் தலைவருக்கு அனுப்பினார். தலைமையாசிரியர் பரீட்சை வேலையாக இருந்ததால் கொஞ்ச நாள் அவர் மேசையில் கிடந்தது. பிறகு, "இதுல பெரிய காரியம் என்ன இருக்கு? கீழேயே முடிச்சுக்குங்க" என்று எழுதிக் கீழே அனுப்பிவிட்டார். மருந்துக்கடைக்காரரும் அதையே சொல்லி என்னிடம் தள்ளிவிட்டார்.

எனக்குக் கீழே யார் இருக்கிறார்கள் என்று யோசித்தோம். போதகரம்மா இருப்பது உங்கள் கூரையின் கீழ். ஆகவே உங்கள் வீட்டுக்கு உங்களையே தலைவராக நியமிக்கக் குழு ஒருமனதாகத் தீர்மானித்தது. இனி அம்மாவைப் பற்றிய சிறிய காரியங்கள் எதையும் இங்கே கேட்க வேண்டியதில்லை. உங்கள் முடிவே முடிவு. இந்த ஏற்பாட்டை ஐயாவிடம் சொன்னபோது, "அட, மாமாவுக்கே பதவியா! நல்லது, நல்லது" என்று மகிழ்ந்தார்.

கடிதங்கள் சபைக்கு உரியவை ஆகிவிட்டதால் திருப்பி அனுப்ப வழியில்லை. ஐந்தாவதும் ஆறாவதும் வந்து சேர்ந்தன. வாசித்தாயிற்று. தையல் மெஷினைப் பற்றி அம்மா கேட்டிருந்தார்கள். பாட்டுக் குழுவுக்கு அங்கி தைக்க அது என் கடையில்தான் ஓடுகிறது, நன்றாக ஓடுகிறது என்று சொல்லவும்.

புதிய பொறுப்புக்கு வாழ்த்துகளுடன்,
தையல்கடைக்காரன்

அக்டோபர் 2

பிரியமான மாமாவுக்கு,

எவ்வளவு நாளாயிற்று உங்களுக்கு எழுதி! உடம்பைக் கவனித்துக்கொள்கிறீர்களா? முழங்காலுக்கு எண்ணெய் போடுகிறீர்களா?

ஒரு நல்ல செய்தி. நம் சபையில் பொறுப்பைப் பகிர்ந்து கொடுத்த முறை மேலிடத்துக்குப் பிடித்துவிட்டது. இந்த வட்டாரத்தின் எல்லாச் சபைகளுக்கும் என்னை மேற்பார்வையாளராக வைக்கிறார்கள். இருபதாம் தேதி ஞாயிறு காலை ஆராதனை. வெளியூரிலிருந்து பெரியவர்கள் வருகிறார்கள். மேடையில் மனைவி பக்கத்தில் உட்கார வேண்டும், படம் எடுப்பார்கள். நாற்காலிகூடப் போட்டாயிற்று.

ஆகவே அவளைச் சனிக்கிழமை இரவு வண்டியில் அனுப்பி வையுங்கள். அந்த நீல உடையை உடுத்திக்கொள்ளட்டும், படத்தில் எடுப்பாக இருக்கும். உள்ளறை அலுவலகமாகிவிட்டது, இருக்கிற ஓர் அறையில் விருந்தினர் தங்குகிறார்கள். அதனால் ஞாயிறு மாலையே திரும்பும் வண்டிக்கு ஏற்பாடு செய்துவிட்டேன். பெட்டி எதுவும் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லுங்கள், அலைச்சல்.

நீ வந்தால் எனக்குச் சந்தோஷம் என்று நான் சொன்னதாக அவளிடம் சொல்லுங்கள்.

அன்புடன்,
மருமகன்

அக்டோபர் 9

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அவள் மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது தபால்காரர் வந்தார். நானே வாங்கிப் பிரித்தேன்.

அவள் வரமாட்டாள்.

அவளைக் கேட்டு இதை எழுதவில்லை. கேட்டால் அவள் அந்தக் கணமே புறப்பட்டுவிடுவாள். வேண்டாம் என்று நீங்கள் சொன்ன பெட்டியையும் யாருக்கும் தெரியாமல் எடுத்துக்கொண்டுதான் வருவாள். ஞாயிறு மாலை திரும்பும் வண்டி வந்து நிற்கும்போது அந்தப் பெட்டியை அவள் எங்கே வைத்திருப்பாள், யார் அதைத் தூக்கி வண்டியில் வைப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். பத்துப் பேரும் ஆளுக்கொரு கை பிடிப்பார்கள் என்று தோன்றியது. அதற்கு மேல் நினைக்க முடியவில்லை.

பெரிய காரியமாக இருந்திருந்தால் அவளிடம் கேட்டிருப்பேன். இது சிறிய காரியம் என்று நூறு பேர் தலைவர் முதல் பத்துப் பேர் தலைவர் வரை சொல்லிவிட்டார்கள். சிறிய காரியத்துக்கு என்னைத் தலைவராகவும் வைத்திருக்கிறீர்கள். ஆகையால் ஒருவரையும் கேட்காமல் தீர்மானித்தேன். என் வாழ்நாளில் இப்படிச் செய்வது இதுதான் முதல் தடவை. எழுதியதைத் திருப்பிப் படித்துப் பார்க்கவும் இல்லை. பிழை இருந்தால் இருக்கட்டும்.

உங்கள் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். மாடியிலிருந்து இறங்கி வந்தவள், "தபால்காரர் குரல் கேட்டுச்சே, ஏதாவது வந்துச்சாப்பா?" என்றாள். பக்கத்து வீட்டுக்கு என்றேன்.

உங்கள் தொண்டையைப் பற்றி விசாரிக்கவில்லை. அதற்கும் ஒரு குழு இருக்கும்.

இப்படிக்கு,
வீட்டுத் தலைவர்

நவம்பர் 17

என் அன்பானவருக்கு,

எப்படி இருக்கிறீர்கள்? மழை தொடங்கிவிட்டதே, தொண்டைக்கு வெந்நீர் வைத்துத் தருகிறார்களா? நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். அப்பாவைப் பார்த்தால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். முன்பெல்லாம் கடைக்குப் போய் எந்தச் சோப்பு வாங்குவது என்று என்னைக் கேட்கத் திரும்பி வருவார். இப்போது எல்லாவற்றையும் அவரே முடிவு செய்கிறார். தபால்காரரைக்கூட என்னைப் பார்க்க விடுவதில்லை. "நீ ஏம்மா படி இறங்கிட்டு, நான் வாங்கிக்கிறேன்" என்று முன்னால் போய் நின்றுகொள்கிறார்.

சபைப் பத்திரிகையில் உங்கள் படத்தைப் பார்த்தேன். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று முதலில் அழுகை வந்தது. பிறகு உற்றுப் பார்த்தேன். உங்கள் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அத்தனை கூட்டத்தில் யாரையும் அதில் உட்கார விடாமல் வைத்திருக்கிறீர்கள். அது யாருக்கென்று எனக்குத் தெரியாதா? அந்தப் படத்தை வெட்டித் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

உங்கள் கடிதம் வந்ததா என்று தினமும் அப்பாவிடம் கேட்கிறேன். "வரலைம்மா" என்கிறார். ஒரு புள்ளி மாறியிருந்தாலே தூக்கம் வராத மனிதர் அவர். அவர் வரவில்லை என்றால் வரவில்லைதான். உங்களுக்கு வேலை அதிகம், எனக்குப் புரிகிறது.

உங்களுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். இதை வேறு யாரிடமும் நான் சொன்னதில்லை, அப்பாவிடம்கூட. படித்ததும் கிழித்துவிடுங்கள். ராத்திரியில் இரண்டாவது தலையணையை வெயிலில் காயவைத்த சூட்டோடு கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொள்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு முகத்தை அதில் வைத்தால் உங்கள் முதுகு மாதிரியே இருக்கிறது. சூடு ஆறுவதற்குள் தூங்கிவிட வேண்டும். மழை வந்ததிலிருந்து வெயில் இல்லை.

பக்கம் பக்கமாக எழுத வேண்டாம். நீ வந்தால் எனக்குச் சந்தோஷம் என்று ஒரு வரி போதும். ஒரே ஒரு நாளைக்கு வா, சாயங்காலமே திரும்பிவிடு என்றால்கூட வருவேன். பெட்டி வேண்டாம் என்றால் அது இல்லாமலும் வருவேன்.

நீல உடையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன்.

உங்கள்,
நான்